விகிதமா, முன்தேதியா: கிராக் தண்டனைச் சீர்திருத்தத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம்?

அமெரிக்காவில் கொக்கெய்ன் வழக்கில் சிக்குகிறவருக்கு எத்தனை ஆண்டு சிறை என்பது, அவரிடம் இருந்தது பவுடரா கிராக்கா என்பதைப் பொறுத்தது. 1986 முதல் 2010 வரை 5 கிராம் கிராக் விற்றுப் பிடிபட்டால் குறைந்தது 5 ஆண்டு. பவுடராக இருந்தால் அதே 5 ஆண்டு கிடைக்க 500 கிராம் வேண்டும். 50 கிராம் கிராக்குக்கு 10 ஆண்டு, பவுடரில் அதற்கு 5 கிலோ. ஒன்றுக்கு நூறு. 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இரண்டும் வேறு வேறு பொருளா என்றால் இல்லை. பவுடரைத் தண்ணீரில் கரைத்து, ஆப்பசோடா சேர்த்து, அடுப்பில் காய்ச்சினால் கட்டி தட்டும். அதுதான் கிராக். புகைத்தால் போதை சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். சின்னத் துண்டுகளாக நறுக்கிச் சில டாலருக்கு விற்கலாம் என்பதால் அது ஏழைகளின் தெருமுனைக்கு வந்தது. அந்தத் தெருமுனைகளில்தான் போலீசும் நின்றது. 2006இல் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றங்களில் கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பர்கள். வெள்ளையர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இந்தக் கணக்கை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் முப்பது ஆண்டுக்கும் மேலாகப் போராடுகிறார்கள். ஹார்லெமின் சார்லஸ் ரேஞ்சல், வர்ஜீனியாவின் பாபி ஸ்காட், லாஸ் ஏஞ்சலிஸின் மேக்சின் வாட்டர்ஸ், ஹூஸ்டனின் ஷீலா ஜாக்சன் லீ, அப்புறம் வந்த ஹக்கீம் ஜெஃப்ரீஸ், கோரி புக்கர் என்று ஒரு பெரிய வரிசை. இலக்கில் இவர்களுக்குள் சண்டை இல்லை. வழியில்தான் சண்டை. முழுச் சமத்துவம் கிடைக்கும்வரை காத்திருப்பதா, கிடைத்ததை வாங்கிக்கொள்வதா, அதிபரின் பேனாவை நம்புவதா, தண்டனை ஆணையத்திடமும் நீதிபதிகளிடமும் விடுவதா, கட்டாயத் தண்டனை என்ற ஏற்பாட்டையே பெயர்த்துப் போடுவதா? எல்லா வழியிலும் கொஞ்ச தூரமாவது போய்ப் பார்த்தாயிற்று. எனவே வெறும் ஊகத்தை வைத்து வாதாட வேண்டியதில்லை, நடந்ததை வைத்தே எடை போடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவாதத்தில் எல்லோரும் விகிதத்தையே பேசுகிறார்கள்: பழைய சட்டத்தின் 100, 2010 சட்டத்தின் 18, மசோதாக்கள் கேட்கும் 2.5, 1. நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. புதிய சட்டம் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கும் முன்தேதியிட்டுப் பொருந்துமா? பேரத்தில் எதையாவது விட்டே தீர வேண்டும் என்றால் விகிதத்தில் கொஞ்சம் விடலாம். முன்தேதியை விடவே கூடாது.

இந்தச் சட்டம் வந்த விதம்

1986 ஜூன் 19 அன்று லென் பயஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர் கொக்கெய்னால் இறந்துபோனார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் எடுத்தது பவுடர். ஆனால் நாடு முழுக்க கிராக் என்றே பேச்சு. நவம்பரில் தேர்தல். இரண்டு கட்சிகளும் யார் கடுமையானவர் என்று போட்டி போட்டன. எந்த எடைக்கு எத்தனை ஆண்டு என்று நிதானமாக உட்கார்ந்து விசாரிக்க நேரம் ஒதுக்கப்படவே இல்லை. அக்டோபர் 27 அன்று ரீகன் கையெழுத்திட்டார். 1988இல் இன்னொரு படி மேலே போய், 5 கிராமுக்கு மேல் கிராக்கை வெறுமனே கையில் வைத்திருந்தாலே 5 ஆண்டு என்று ஆக்கினார்கள்.

இங்கே மறைக்கக்கூடாத உண்மை ஒன்று உண்டு. 1986இல் அந்தச் சட்டத்தைக் கறுப்பின உறுப்பினர்களில் பலரும் ஆதரித்தார்கள். கீழவையின் போதைப்பொருள் சிறப்புக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்த ரேஞ்சலே ஆதரித்தார். ஹார்லெம் மக்கள் தங்கள் வாசலில் நடக்கும் வியாபாரத்தையும் துப்பாக்கிச் சத்தத்தையும் யாராவது நிறுத்துங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பிரதிநிதி அதைக் கேட்காமல் இருக்க முடியாது. சட்டம் யாரைப் பிடிக்கிறது என்பது சில ஆண்டுகளில் தெரிந்ததும், அதே ரேஞ்சல் இரண்டு எடைகளையும் ஒன்றாக்கும் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 2025 மே மாதம் அவர் இறந்தபோதும் அந்த விகிதம் ஒன்றுக்கு ஒன்று ஆகியிருக்கவில்லை.

இந்தப் பழைய ஆதரவைக் காட்டி இன்றும் வாயடைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. 2021இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஒரு தீர்ப்பிலேயே அதை எடுத்துப் போட்டார். முடிவில் அவரோடு உடன்பட்ட நீதிபதி சோனியா சோட்டோமேயர், அந்த வரலாற்றுப் பகுதியில் மட்டும் கையெழுத்துச் சேர்க்க மறுத்துத் தனியாக எழுதினார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். உதவி கேட்ட மக்களுக்குச் சிறை மட்டும் வந்து சேர்ந்தது என்றால், அதற்கான பழியைக் கேட்டவர்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

ஆணையமும் நீதிபதிகளும்

முதலில் திறந்த வழி இது. தண்டனை அளவுகளை வகுக்கும் அமெரிக்கத் தண்டனை ஆணையம் 1995இல் 4க்கு 3 என்ற கணக்கில், வழிகாட்டு விதிகளில் கிராக்கையும் பவுடரையும் ஒரே எடையாகப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தது. நாடாளுமன்றம் குறுக்கே வராவிட்டால் அது தானாகவே அமலுக்கு வந்திருக்கும். நாடாளுமன்றம் குறுக்கே வந்தது. கறுப்பின உறுப்பினர்களின் கூட்டமைப்பான காங்கிரஷனல் பிளாக் காகஸ் கீழவையில் எவ்வளவோ வாதாடியும் அக்டோபர் 18 அன்று 332க்கு 83 என்று ஆணையத்தின் முடிவு தூக்கியெறியப்பட்டது. லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் வாஷிங்டனில் திரண்ட பேரணி முடிந்து அப்போது இரண்டே நாள். அடுத்த சில நாட்களில் பல ஃபெடரல் சிறைகளில் கலவரம் வெடித்தது. அக்டோபர் 30 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். ஆணையம் தொடங்கிய காலத்திலிருந்து அதன் பரிந்துரையை நாடாளுமன்றம் நிராகரித்தது அதுவே முதல் முறை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே வழி மறுபடி திறந்தது. 2007 டிசம்பர் 10 அன்று கிம்ப்ரோ வழக்கில், நூறு மடங்கு விகிதம் தனக்கு ஏற்புடையதாக இல்லை என்றால் நீதிபதி வழிகாட்டு விதியிலிருந்து விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று சொன்னது. மறுநாளே ஆணையம், தான் அந்த ஆண்டு செய்திருந்த சிறிய குறைப்பை முன்தேதியிட்டு அமல்படுத்த முடிவெடுத்தது. அதில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தண்டனை குறைந்தது. 2014இல் எல்லாப் போதைப்பொருளுக்கும் சேர்த்து ஆணையம் செய்த இன்னொரு குறைப்பில் பயன் பெற்றவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல்.

இந்த எண்களை யாரும் கைதட்டி வரவேற்கவில்லை. தொலைக்காட்சியில் விவாதம் வரவில்லை. ஆனால் தலைக்கணக்கில் பார்த்தால் நாடாளுமன்றம் கிராக்குக்கென்று செய்ததைவிட அதிகமான பேருக்கு நன்மை செய்தது ஆணையம்தான். காரணம், முன்தேதி. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது.

குறை என்ன? ஆணையம் தொடக்கூடியது வழிகாட்டு விதியை மட்டும்தான். சட்டத்தில் 10 ஆண்டு குறைந்தபட்சம் என்று எழுதியிருந்தால், ஆணையமும் நீதிபதியும் சேர்ந்து அழுதாலும் 9 ஆண்டு ஆகாது. 1994 குற்றச் சட்டத்தில் வைத்த ஒரு விதிவிலக்கின்படி, முன்குற்றம் அதிகம் இல்லாத, ஆயுதம் வைத்திராத சிலரை மட்டும் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறக்கலாம். அரசுத் தரப்புக்கு ஒத்துழைத்தால் தவிர மற்றவர்களுக்குக் கதவு இல்லை. ஆக, சட்டத்தை மாற்றாமல் தீராது.

அதிபரின் பேனா, அட்டர்னி ஜெனரலின் சுற்றறிக்கை

இதை வேகமாகக் கடந்துவிடலாம். ஒபாமா தம் பதவிக்காலத்தில் 1,715 பேரின் தண்டனையைக் குறைத்தார். பைடன் 2025 ஜனவரி 17 அன்று, பதவி முடிய மூன்று நாள் இருக்கும்போது, வன்முறையற்ற போதைப்பொருள் வழக்குகளில் இருந்த ஏறக்குறைய 2,500 பேரின் தண்டனையைக் குறைத்தார். கிராக்-பவுடர் வேறுபாட்டைக் காரணமாகவே சொன்னார். பயனடைந்த குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம், அதைச் சின்னதாகப் பேச மாட்டேன். ஆனால் எத்தனையோ ஆயிரம் பேர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க, பட்டியலில் யார் பெயர் வரும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. அடுத்த அதிபர் ஒரு பெயரையும் எடுக்காமலே நான்கு ஆண்டை ஓட்டலாம்.

சுற்றறிக்கையின் ஆயுள் இன்னும் குறைவு. 2013 ஆகஸ்டில், அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதித்துறையின் தலைவராக, இருந்த எரிக் ஹோல்டர், சிறிய வழக்குகளில் கட்டாயத் தண்டனையைக் கிளப்பும் எடையைக் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டாம் என்றார். 2017 மே மாதம், அதே பதவிக்கு வந்த ஜெஃப் செஷன்ஸ் அதை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் மெரிக் கார்லண்ட், கிராக்கையும் பவுடராகவே நடத்துங்கள் என்று அரசு வழக்கறிஞர்களுக்கு எழுதினார். 2025 பிப்ரவரியில் பாம் போண்டி, நிரூபிக்க முடிகிற மிகக் கடுமையான குற்றத்தையே சுமத்துங்கள் என்ற பழைய பாதைக்குத் திரும்பினார். ஒரே குற்றத்துக்கு, வழக்குப் போட்ட மாதத்தைப் பொறுத்துத் தண்டனை மாறுவதைச் சீர்திருத்தம் என்று எப்படிச் சொல்வது?

மொத்தமாகப் பெயர்ப்பது

மேக்சின் வாட்டர்ஸ் வழி இது. போதைப்பொருள் குற்றங்களுக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையே வேண்டாம், நீதிபதி ஆளைப் பார்த்து, செயலைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று அவர் பல முறை மசோதா கொண்டுவந்திருக்கிறார். பாபி ஸ்காட்டும் கட்டாயத் தண்டனைகளை அடிப்படையிலேயே எதிர்ப்பவர். மேடை முழக்கத்துக்காகச் சட்டம் எழுதாதீர்கள், எது வேலை செய்கிறது என்று ஆராய்ந்து எழுதுங்கள் என்று ஒவ்வொரு அவையிலும் சொல்லி வருகிறார்.

கொள்கையளவில் எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. விகிதத்தைச் சமமாக்கினாலும் எடையைத் தராசில் வைத்து மனிதனுக்கு ஆண்டு போடும் பழக்கம் அப்படியே இருக்கும். கும்பலில் வண்டி ஓட்டியவருக்கும், கூட இருந்த காதலிக்கும், சரக்கின் மொத்த எடையும் ஏறும். அதை உடைக்க இந்த வழியைத் தவிர வேறு கிடையாது. ஆனால் செனட்டில் இழுத்தடிப்பைத் தாண்டி ஒரு மசோதாவை நிறைவேற்ற நூறில் 60 வாக்கு வேண்டும், இன்றைய செனட்டில் இதற்கு அது எட்டாத உயரம். முன்வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இதற்காக மற்றதை நிறுத்தி வைக்கக்கூடாது.

முழுதா, பாதியா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

2009 ஜூலையில் பாபி ஸ்காட்டின் மசோதா கீழவை நீதிக் குழுவில் நிறைவேறியது. சட்டத்திலிருந்து கிராக் என்ற தனிப் பிரிவையே நீக்கும் மசோதா அது. அதாவது ஒன்றுக்கு ஒன்று. செனட்டில் டிக் டர்பின் கொண்டுவந்ததும் அப்படித்தான் தொடங்கியது. 2010 மார்ச்சில் செனட் நீதிக் குழுவில், அப்போது அலபாமாவின் செனட்டராக இருந்த அதே ஜெஃப் செஷன்ஸோடு பேரம் நடந்தது. வெளியே வந்த எண் 18. அந்தப் பதினெட்டுக்கு அறிவியல் ஆதாரமோ மருத்துவ ஆதாரமோ எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய எண், அவ்வளவுதான். ஸ்காட்டுக்கு அது போதாது என்று தெரியும். ஆனாலும் கீழவையில் ஜூலை 28 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேற அவரும் காகஸும் துணை நின்றார்கள். ஆகஸ்ட் 3 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். 5 ஆண்டுக்கான எடை 5 கிராமிலிருந்து 28 ஆனது, 10 ஆண்டுக்கானது 50இலிருந்து 280 ஆனது. வெறுமனே வைத்திருந்ததற்கான 5 ஆண்டுக் கட்டாயமும் ஒழிந்தது.

விகிதத்தை மட்டும் பார்த்தால் நூறு பதினெட்டாக இறங்கியது பெரிய வெற்றி. பேரத்தில் விட்டது வேறு. சட்டம் பழைய கைதிகளைத் தொடவில்லை.

இது என்ன செய்தது என்பதை ஒரு கற்பனை வழக்கில் பார்க்கலாம். ஒருவரிடம் 60 கிராம் கிராக் பிடிபட்டது, அவர் மேல் ஏற்கெனவே இரண்டு போதைப்பொருள் தண்டனைகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அரசு வழக்கறிஞர் அந்தப் பழைய தண்டனைகளைக் காட்டி மனுப் போட்டால், 2010 ஆகஸ்ட் 2 அன்று தண்டிக்கப்பட்டவருக்கு ஆயுள். நீதிபதிக்கு வேறு வழியே இல்லை. ஃபெடரல் சிறையில் பரோலும் இல்லை, எனவே ஆயுள் என்றால் சாகும்வரை. அதே மனிதர், அதே 60 கிராம், அதே மனு, தீர்ப்பு மட்டும் ஆகஸ்ட் 4 என்றால் குறைந்தபட்சம் 10 ஆண்டு. 2012இல் டார்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: குற்றம் எப்போது நடந்தது என்பது இல்லை, தண்டனை விதித்த நாள் ஆகஸ்ட் 3க்குப் பிறகா என்பதே கேள்வி. வழக்குப் பட்டியலில் ஒரு வாய்தா முன்பின் ஆனதில் ஒருவருடைய ஆயுள் போயிற்று.

ஆகஸ்ட் 2க்காரர் எட்டு ஆண்டு காத்திருந்தார். 2018 டிசம்பர் 21 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தின் 404ஆம் பிரிவில்தான், 2010 சட்டம் அன்றே இருந்திருந்தால் என்ன தண்டனை வந்திருக்குமோ அதை நீதிபதி இப்போது விதிக்கலாம் என்ற வழி கிடைத்தது. இதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை குறைந்தது. ஒவ்வொருவருக்கும் சராசரியாகக் கிட்டத்தட்ட ஆறு ஆண்டு. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பர்கள். விகிதம் 18இலேயே நின்றது, ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஆனாலும் மனிதர்கள் வீடு திரும்பினார்கள். நான் விகிதத்தைவிட முன்தேதியைப் பெரிதாக நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த 2018 சட்டம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். கறுப்பின உறுப்பினர்களுக்குள்ளேயே வெளிப்படையாகப் பிளவு வந்த இடம் அது. மே மாதம் ஜெஃப்ரீஸ், ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சிக்காரர் டக் காலின்ஸோடு சேர்ந்து கொண்டுவந்த முதல் வடிவத்தில் தண்டனைக் குறைப்பு எதுவும் இல்லை. சிறைக்குள் இருப்பவர்களுக்கு நன்னடத்தைக் கழிவை ஆண்டுக்கு 54 நாளாகச் சரிசெய்வது, கர்ப்பிணிகளுக்கு விலங்கிடாமல் இருப்பது, பயிற்சி வகுப்புகள், இப்படித்தான் இருந்தது. உடனே டர்பினோடு கோரி புக்கர், கமலா ஹாரிஸ், ஷீலா ஜாக்சன் லீ, சிவில் உரிமைப் போராட்டத்தில் அடிபட்டு வந்த ஜான் லூயிஸ் ஆகியோர் சேர்ந்து எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். (துளசேந்திரபுரம் என்ற பெயரால் நமக்கெல்லாம் பழக்கமான கமலா ஹாரிஸ்தான்.) தண்டனையைத் தொடாத சிறைச் சீர்திருத்தம் பின்னோக்கிய அடி என்பது அவர்கள் வாதம். உள்ளே இருப்பவர்கள் உதவியை இன்றைக்கு எதிர்பார்க்கிறார்கள், முழுசாக வரட்டும் என்று அவர்களைக் காக்க வைக்காதீர்கள் என்பது ஜெஃப்ரீஸின் பக்கம். கீழவையில் 360க்கு 59 என்று நிறைவேறியது.

யார் சரி? நடந்ததைப் பார்த்தால் இருவரும் தேவைப்பட்டார்கள். ஜெஃப்ரீஸ் மசோதாவை நகர்த்தியிருக்காவிட்டால் வெள்ளை மாளிகை மேசைக்கே அது போயிருக்காது. புக்கர் தரப்பு முரண்டு பிடித்திருக்காவிட்டால் 404ஆம் பிரிவு உள்ளே வந்திருக்காது. செனட்டில் தண்டனைப் பகுதிகள் சேர்க்கப்பட்ட பிறகு புக்கரும் ஹாரிஸும் ஆதரித்து வாக்களித்தார்கள், 87க்கு 12. குடியரசுக் கட்சியின் கறுப்பின செனட்டர் டிம் ஸ்காட்டும் ஆதரித்தவர்களில் ஒருவர். அந்த 54 நாள் கணக்கைச் சரிசெய்ததால் மட்டும் 2019 ஜூலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். அதுவும் முன்தேதியிட்டுச் செய்ததால்தான்.

ஆனால் அதே சட்டத்தில் முன்தேதி இல்லாத பகுதிகளும் இருந்தன. மூன்றாவது போதைக் குற்றத்துக்கான கட்டாய ஆயுளை 25 ஆண்டாகவும், இரண்டாவதற்கான 20ஐ 15ஆகவும் குறைத்தார்கள். புதிதாகத் தண்டிக்கப்படுபவர்களுக்கு மட்டும். 2018க்கு முன்பே ஆயுள் வாங்கியவருக்கு அது பொருந்தாது. எட்டு ஆண்டுக் காத்திருப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் மறுபடியும் அதே இடத்தில் விட்டுக்கொடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இப்போது மேசையில் இருப்பது

ஒரு பக்கம் ஈக்வல் சட்டம். ஜெஃப்ரீஸும் பாபி ஸ்காட்டும் கீழவையில், புக்கரும் டர்பினும் செனட்டில் கொண்டுவந்தது. ஒன்றுக்கு ஒன்று, முழுசாக முன்தேதியிட்டு. 2021 செப்டம்பர் 28 அன்று கீழவையில் 361க்கு 66 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 143 பேர் குடியரசுக் கட்சியினர். போதைப்பொருள் தடுப்பு முகமைக்குத் தலைவராக இருந்த ஆசா ஹட்சின்சனே ஆதரித்துப் பேசினார். செனட்டில் குடியரசுக் கட்சியின் 11 பேர் இணைந்து கையெழுத்திட்டார்கள். கணக்குப்படி 60 வாக்கு தேறும் என்ற நிலை இருந்தும் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2022 டிசம்பரில் ஆண்டிறுதி நிதி மசோதாவோடு ஒட்டிவிடலாம் என்ற கடைசி முயற்சியும் கைநழுவியது. 2023இல் மறுபடி அறிமுகம் செய்தார்கள், நகரவில்லை.

இன்னொரு பக்கம், அயோவாவின் செனட்டர் சக் கிராஸ்லி 2022 ஏப்ரலில் வைத்த மாற்று மசோதா. விகிதம் 2.5. கிராக்குக்கு 28 கிராம் இருந்த இடத்தில் 160, 280 இருந்த இடத்தில் 1,600. பவுடரில் 500 கிராம் 400 ஆகக் குறையும், அதாவது பவுடர் வழக்கில் தண்டனை இறுகும். முன்தேதிப் பயனுக்கு அட்டர்னி ஜெனரல் ஒவ்வொரு வழக்கையும் ஆராய்ந்து சான்றளிக்க வேண்டும்.

பலர் இதில் 2.5ஐப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது. ஒரே பொருளுக்கு இரண்டு எடை வைக்க எந்தக் காரணமும் இல்லை என்றால் இரண்டரைக்கும் இல்லை. அது மட்டும் இல்லை, ஒரு தடவை ஒப்புக்கொண்ட எண் அவ்வளவு சீக்கிரம் அசையாது. தற்காலிகம் என்று நினைத்த 18 இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எனக்கு அந்த மசோதாவில் உறுத்துவது கடைசி வரி. அட்டர்னி ஜெனரல் சான்று. சுற்றறிக்கைகள் ஆட்சிக்கு ஆட்சி புரள்வதை மேலே பார்த்தோம். அதே நாற்காலியிடம் ஒவ்வொரு கைதியின் கதவுச் சாவியையும் கொடுத்தால், சட்டத்தில் முன்தேதி என்று எழுதியிருக்கும், நடைமுறையில் பூஜ்யமாக இருக்கும். 160 கிராம் என்ற எடையை நீதிபதி நேரடியாகப் பழைய வழக்குகளுக்கும் பொருத்தலாம் என்று இருந்தால், இன்று 18இல் சிக்கியிருப்பவர்களில் 28க்கும் 160க்கும் இடையில் இருக்கும் அத்தனை பேரும் கீழ்ப் படிக்கு இறங்குவார்கள். தெருமுனையில் விற்றுப் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் வருகிறவர்கள்தான்.

எனவே என் வரிசை இப்படி. முதலில் ஈக்வல் சட்டம், தலைவர்கள் வாக்கெடுப்புக்கு நேரம் ஒதுக்கினால் அதைத் தவிர வேறு எதையும் பேச வேண்டியதில்லை. அது நடக்காத பட்சத்தில் 2.5ஐ ஏற்கலாம், ஒரே நிபந்தனையோடு: சான்றிதழ் போக வேண்டும், நீதிபதியே முடிவு செய்ய வேண்டும். பவுடர் எடையைக் குறைப்பதையும் எதிர்க்க வேண்டும், ஆனால் பேரம் முறிவதானால் அதுகூட இரண்டாம் பட்சம். முன்தேதி இல்லாத 1, முன்தேதி உள்ள 2.5, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நாளைக்குக் குற்றம் செய்யப்போகிறவருக்கான விகிதத்தை அடுத்த நாடாளுமன்றம் திருத்தலாம். உள்ளே இருப்பவருக்குப் போன ஆண்டுகளை எந்த நாடாளுமன்றமும் திருப்பித் தர முடியாது.

அந்தப் பேரத்தில் எழுத்து எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு 2021 ஜூனில் வந்த தெர்ரி வழக்குத் தீர்ப்பே போதும். 2008இல் 3.9 கிராம் கிராக்குக்கு 188 மாதம் தண்டனை பெற்றவரின் வழக்கு. முன்குற்றங்கள் காரணமாக அவ்வளவு. 404ஆம் பிரிவு தனக்கும் பொருந்தும் என்று கேட்டார். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இல்லை என்றது. 2010 சட்டம் 5 ஆண்டு, 10 ஆண்டுப் படிகளின் எடையைத்தான் மாற்றியது. கட்டாயத் தண்டனையே இல்லாத மிகச் சிறிய அளவுக்கான படியை அது தொடவில்லை, எனவே அவர் குற்றம் ‘மாற்றப்பட்ட’ குற்றம் ஆகாது என்று சொன்னார்கள். 60 கிராம் வைத்திருந்தவருக்குத் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் உரிமை உண்டு, 3.9 கிராம் வைத்திருந்தவருக்கு இல்லை. சட்டத்தில் ஒரு சொற்றொடர் செய்த வேலை அது.

அந்த வழக்கில் கைதிக்கு ஆதரவாக நான்கு செனட்டர்கள் நீதிமன்றத்தில் மனுச் செய்தார்கள்: டர்பின், புக்கர், யூட்டாவின் மைக் லீ, கிராஸ்லி. ஆம், 2.5 மசோதா வைத்த அதே கிராஸ்லி. மிகச் சிறிய அளவுக்குத் தண்டிக்கப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் 404ஆம் பிரிவை எழுதினோம் என்பது அந்த மனுவின் சாரம். அது மட்டும் இல்லை, 2018 சட்டத்தில் முன்தேதி விடுபட்டுப்போன பகுதிகளைப் பழைய கைதிகளுக்கும் நீதிபதி வழியாகவே கொண்டுபோகும் மசோதாவை 2021இல் டர்பினோடு சேர்ந்து அறிமுகம் செய்தவரும் அவர்தான். விகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று என்றால் அவர் அசைய மாட்டார் என்பது தெரிந்துவிட்டது. முன்தேதியில் அவருடைய கையெழுத்தே நம் பக்கம் இருக்கிறது. 2025 முதல் செனட் நீதிக் குழுவின் தலைவரும் அவரே. புக்கர் அடுத்த முறை அவர் அறைக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை அந்த மனுவும் அந்த 2021 மசோதாவும்தான்.